எழுதிக் கொடுக்காத ஓங்கில்

அந்தோனியார்துறை,
12.03.2025

செயலாளர்,
அந்தோனியார்துறை கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்.

செயலாளர் அவர்களுக்கு,

சங்கத்தின் 10ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை மட்டும்தான் இருக்கிறது. உமது குசினியில் மிளகாய் வறுத்தால் இங்கே நான் தும்முகிறேன். அப்படியிருந்தும் முத்திரை ஒட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறீர். தபால்காரன் அதை நீட்டும்போதே சிரித்தான். சரி. நீர் தொடங்கி வைத்தபடி நானும் எழுத்திலேயே பதில் தருகிறேன். இனி உமக்கும் எனக்கும் வாயால் கதை இல்லை.

ஞாயிறு பூசை முடிந்த நேரம் கோயிலடிக் கரையில் ஒரு டொல்பின் செத்து ஒதுங்கியது என்றும், அதன் வால் வெட்டப்பட்டிருந்தது என்றும், உடம்பில் சுற்றிக் கிடந்த வலைத்துண்டில் என் இலக்கத் தகடு இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர். அதை நான் சங்கத்துக்கு அறிவிக்காமல் மறைத்தேனாம். அதனால் ஒரு மாதத்துக்குச் சங்கக் கொட்டிலில் நண்டு நிறுக்கக் கூடாதாம். அறிவித்தல் பலகையிலும் ஒட்டியிருக்கிறீர்.

நீரும் ஓங்கில் என்று சொல்லி வளர்ந்தவர்தான். டொல்பின் என்று எழுதினால் அது வேறு பிராணி ஆகிவிடாது. என் வலையில் எந்த ஓங்கிலும் படவில்லை. வலைத்துண்டு கடலில் எத்தனையோ மிதக்கிறது. தகடும் அப்படித்தான்.

நேற்றுக் காலை கூடையோடு நான் கொட்டிலுக்கு வந்தபோது நீர் கதிரையை விட்டு எழும்பாமல், "அறுபத்தொண்டு, உங்கடை நண்டு இண்டைக்கு நிறுக்கேலாது" என்றீர். நாற்பது பேர் நின்றார்கள். உமது அக்காவை நான் கட்டி இருபத்தாறு வருடம். உமது மனுசன் செத்த பிறகு, எழுத்து வேலைக்கு யசிந்தாவை எடுங்கள் என்று இதே சங்கத்தில் எழும்பி நின்று சொன்னவன் நான். உமக்கு நான் இப்போது அறுபத்தொன்று.

இப்படிக்கு,
அங்கத்தவர் இல. 61,
செ. எமில்ராஜ்


அந்தோனியார்துறை,
14.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

யசிந்தா எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் அக்காவும் மகள் பிரியந்தினியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். அக்காவின் சுகத்தைக் கடிதத்தில் விசாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். நேற்று மாலை சிலுவைப்பாதைக்குப் போனபோது என்னைக் கண்டதும் எழும்பிப் பின் வாங்கிலுக்குப் போய்விட்டா.

கடிதத்தைத் தபாலில் அனுப்பியது சங்கத்து ஒழுங்கு. கையில் கொண்டுவந்து தந்திருந்தால் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பீர்கள். கொட்டிலில் இலக்கம் சொல்லித்தான் எல்லாரையும் கூப்பிடுகிறேன். உங்களை மட்டும் அத்தான் என்று கூப்பிட்டால் அடுத்த நாள் அதற்கும் ஒரு கதை வரும்.

போன வருடத் தை மாதக் கூட்டத்தை மறந்துவிட்டீர்களா? மாசி தொடங்கிச் சித்திரை முடியும்வரை ஓங்கில்கள் வடக்குப் பார்ப் பாறைப் பக்கம் வரும் காலம். அந்த மூன்று மாதமும் நண்டு வலையைக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வரக்கூடாது, பக்கத்தில் நின்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று தீர்மானித்தோம். ஓங்கில் உயிரோடு பட்டால் வலையை வெட்டி அதை விட்டுவிட வேண்டும். வெட்டின அளவுக்குச் சங்கம் புது வலை தரும். செத்துப் பட்டால் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். எழுதித் தருகிறவருக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. மறைத்தால் மட்டும்தான் தண்டனை. அதற்குக் கை தூக்கினவர்களில் நீங்கள் முதல் ஆள். வலையை விட்டுவிட்டு வந்து படுக்கிறவன் தொழிலாளி இல்லை என்று சத்தம் போட்டதும் நீங்கள்தான்.

எங்கள் நண்டு வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே வாங்குகிறவர்கள், இந்த நண்டுக்காக எத்தனை ஓங்கில் சாகிறது, அதைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் ஒழுங்காக இல்லாவிட்டால் நண்டு உடைக்கும் மடுவத்தைப் பூட்டிவிடுவார்கள். அங்கே ஐம்பத்திரண்டு பெண்கள். அக்காவும் அதில் ஒராள். 28ஆம் திகதி நண்டு வாங்கும் கொம்பனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள்.

ஒரு தாள் மட்டும் எழுதித் தாருங்கள் அத்தான். எங்கே பட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை பாகம் ஆழம். அவ்வளவு போதும். தண்டனையை அன்றைக்கே எடுக்கச் சொல்லித் தலைவர் சூசைதாசன் அண்ணையிடம் நான் கதைக்கிறேன்.

உங்கள் மச்சாள்,
யசிந்தா


அந்தோனியார்துறை,
17.03.2025

செயலாளர் அவர்களுக்கு,

உமது வெல்லக் கடிதம் கிடைத்தது. இல்லாத ஒன்றை எழுதித் தரமாட்டேன்.

கடலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறீர். அக்கரையிலிருந்து இழுவைப் படகு வந்து அடிமண்ணோடு அரித்துக்கொண்டு போகிறது. போன கார்த்திகையில் என் வலை பதினாறும் ஒரே அள்ளில் போனது. அதில் இருந்த தகடுகள் யார் கழுத்தில் தொங்குகிறதோ யாருக்குத் தெரியும்? அந்தப் படகில் எத்தனை ஓங்கில் செத்தது என்று தாள் கேட்க உமக்குப் பேனை இல்லை. ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனிடம் கேட்கத்தான் பேனை இருக்கிறது.

வெளிநாட்டில் கோட்டுப் போட்டவன் கேட்டால் நாங்கள் கணக்கொப்புவிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே கிடந்தபோது எத்தனை பேர் சாகிறீர்கள் என்று தாள் அனுப்பிக் கேட்டவன் ஒருவனும் இல்லை.

பிரியந்தினியின் கல்யாணம் வைகாசி 17ஆம் திகதி என்று உமக்குத் தெரியும். பூசைக்கும் வரவேண்டாம், மண்டபத்துக்கும் வரவேண்டாம். பெரியப்பு, சித்தி என்று ஆட்களை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டும்போது, இவதான் என்னைக் கள்ளன் என்று எழுதினவ என்று என்னால் காட்ட முடியாது. உமது அக்கா றெஜினாவும் இனி உமது வீட்டுக்கு வரமாட்டா. அவவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அங்கத்தவர் இல. 61,
செ. எமில்ராஜ்


அந்தோனியார்துறை,
19.03.2025

அத்தானுக்கு,

பிரியந்தினி பிறந்தபோது ஆசுப்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கினவள் நான். அதை நீங்கள் ஒரு வரியில் வெட்டிவிட்டீர்கள். நல்லது. நானும் இனிச் சுற்றி வளைக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் கொலின்ஸ் கந்தோருக்கு வந்தார். பதினெட்டு வருடம் உங்கள் போட்டில் வலை இழுத்த மனுசன். கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை, எனக்கு நித்திரை வருகுதில்லை. அது செத்துப் படேல்லை. உயிரோடை கிடந்தது. மூச்சு விட்டது. வெட்டி விடுவம் எண்டு நான் ரெண்டு தரம் சொன்னனான். எமில் அண்ணை விடேல்லை. வலை புதுசு எண்டவர்."

நான் கேட்டேன்: "பிறகு?"

"பிறகு என்ன பிள்ளை. அது செத்துப்போச்சு. வாலை வெட்டித்தான் வலையை எடுத்தவர்."

அப்போது உங்களிடமிருந்தது இழுவைப் படகு அள்ளிக்கொண்டுபோன வலை இல்லை. புது வலை. அதன் தகடும் புதிது. கார்த்திகைக்குப் பிறகு நான்தான் என் கையால் எண் அடித்துத் தந்தேன். நான் அடித்த தகட்டை எனக்கே தெரியாது என்றா நினைத்தீர்கள்?

இரண்டு பாகம் வலை. சங்கம் திருப்பித் தந்திருக்கும். அதற்காக ஒரு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு சாகவிட்டீர்கள். பிறகு மாதா கோயிலுக்கு முன்னால் அது ஒதுங்கிக் கிடந்தபோது எல்லாரோடும் சேர்ந்து நின்று, யார் செய்த வேலை இது என்று என்னிடமே கேட்டீர்கள். உங்கள் முகத்தை நான் அப்போது நம்பினேன். இனி எதை நம்புவது?

28ஆம் திகதிக்கு முன் தாள் வராவிட்டால் நிர்வாகக் கூட்டத்தில் கொலின்ஸைக் கூப்பிடுவேன். உங்களைச் சங்கத்திலிருந்து நீக்கச் சொல்லி நானே பிரேரிப்பேன்.

யசிந்தா,
செயலாளர்


அந்தோனியார்துறை,
20.03.2025

செயலாளர் அவர்களுக்கு,

கொலின்ஸ் இன்று காலை தன் சாரத்தையும் தண்ணிக் கானையும் என் போட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். உமக்குச் சந்தோசமாக இருக்கும்.

நீக்குவீரோ? நீக்கும். அந்தக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன். அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளும்.

போன ஆவணி மாதம் 22ஆம் திகதி தலைவர் சூசைதாசனின் வலையில் இரண்டு ஓங்கில் செத்துப் பட்டன. அவற்றைத் தாழங்காட்டுக்குப் பின்னால் கிடங்கு வெட்டிப் புதைத்தது நானும் கொலின்ஸும். எங்களைக் கூப்பிட்டது சூசைதாசன். மண்வெட்டியைச் சங்கக் கந்தோரிலிருந்து எடுத்துத் தந்தது நீர். கொம்பனிக்குப் போகும் அந்த மாதப் படிவத்தில் 'டொல்பின் பிடிபாடு' என்ற இடத்தில் உமது அழகான எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. சூசைதாசன் கையொப்பம். கீழே யசிந்தா கையொப்பம்.

தலைவரின் இரண்டு ஓங்கிலும் மண்ணுக்குள். என் ஒரு ஓங்கில் மட்டும் அறிவித்தல் பலகையில். உயிர், மாதா, முகம் என்றெல்லாம் எனக்கு எழுதுவதற்கு முதல், உமது லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பாரும்.

இனி வாயைப் பொத்திக்கொண்டிரும்.

செ. எமில்ராஜ்,
இல. 61


அந்தோனியார்துறை,
30.03.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு லாச்சியைத் திறந்தேன். நீங்கள் எழுதியபடியே இருந்தது.

அன்றைக்குச் சூசைதாசன் அண்ணை வந்து, "பிள்ளை, இதை எழுதாதை. முதல் தரம் பாக்க வருகினம். ஐம்பது குடும்பத்தின்ரை சோறு" என்றார். நான் எழுதவில்லை. மறைக்கிறவருக்குத் தண்டனை என்று தீர்மானத்தை எழுதியதும் நான். முதலில் மறைத்ததும் நான். அடுத்த நாளிலிருந்து எல்லாரிடமும் மிகவும் கண்டிப்பாக நடந்தேன். ஏன் என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. உங்களுக்குத் தபாலில் அனுப்பிய கடிதத்திலும் அந்தக் கண்டிப்புத்தான் இருந்தது. கொட்டிலில் நான் கூப்பிட்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஓங்கிலுக்குக் கேட்கவில்லை.

28ஆம் திகதி கொம்பனிக்காகப் பார்வையிட வந்தது தக்சாயினி என்ற, உடுவிலைச் சேர்ந்த பிள்ளை. படிவங்களைப் புரட்டினாள். ஆவணி மாதத் தாளில் கை வைத்தபோது, "தங்கச்சி, அது பொய்" என்று சொன்னேன். ஆவணியில் இரண்டு, பங்குனியில் ஒன்று என்று திருத்தி எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு,

"அக்கா, ஓங்கில் படுகிறது குற்றமில்லை. பட்டதைச் சொன்னால் எந்த மாதம், எந்த இடம், எந்த வலை எண்டு பாத்து மாத்தலாம். மறைச்சால் எங்களாலை ஒண்டும் செய்யேலாது. இனி உங்கடை மற்றத் தாளுகளையும் யார் நம்புறது?" என்றாள்.

அடுத்தது உங்களுக்குத் தெரியும். நேற்றிலிருந்து மடுவம் பூட்டு. தலைவர் கூட்டம் கூட்டினார். நான் பதவியை விட்டுவிட்டேன், விட்டிராவிட்டால் இழுத்து இறக்கியிருப்பார்கள். இன்று காலை என் படலையடியில் யாரோ இரண்டு கூடை அழுகின நண்டுக் கோது கொட்டியிருந்தார்கள். கூட்டி அள்ளினேன். ஒழுங்கையால் போனவர்களில் ஒருவர்கூட நின்று என்னவென்று கேட்கவில்லை. அக்கா உங்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா.

யசிந்தா


அந்தோனியார்துறை,
31.03.2025

யசிந்தாவுக்கு,

உம்மை வாயை மூடச் சொல்லி எழுதினேன். ஊரைக் கவிழ்க்கச் சொல்லி எழுதவில்லை.

றெஜினா காலையில் எழும்பி, வேலைக்குப் போகிறவ மாதிரி உடுத்திக்கொண்டு, குசினியில் சும்மா இருக்கிறா. என்னோடும் கதையில்லை. நேற்று ஒரே ஒரு வசனம் சொன்னா: "நீங்கள் ரெண்டு பேரும் எழுதி எழுதி எங்கடை மடுவத்தைப் பூட்டிப் போட்டியள்."

கோது கொட்டினது நான் இல்லை. கொட்டினவனை நான் தடுக்கவும் இல்லை.

இனிக் கடிதம் அனுப்பினால் உடைக்காமல் திருப்பி அனுப்புவேன்.

எமில்ராஜ்


அந்தோனியார்துறை,
22.04.2025

அத்தானுக்கு,

உடைத்துவிட்டீர்கள் என்றால் முழுவதையும் வாசியுங்கள்.

உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. பெருநாளுக்கு மடுவத்துப் பெண்களில் பாதிப்பேர் கோயிலுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்குப் புது உடுப்பு இல்லை என்ற வெட்கம். என்னைக் கண்டால் ஒழுங்கையில் துப்புகிறார்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

தக்சாயினி நேற்று வந்தாள். சங்கத்துக்கு இல்லை, என் வீட்டுக்கு. மூன்று ஓங்கில் பட்டதையும் ஒன்றுக்கு ஒரு தாளாகப் போட்டுக்காரர் தங்கள் கையாலேயே எழுதித் தந்தால், எப்படி நடந்தது, இனி எப்படித் தடுக்கலாம் என்று பார்த்துப் புது ஒழுங்கு எழுதலாம். இரண்டு போட்டுக்கு ஒரு பார்வையாளரும் போவார். அதன் பிறகு மடுவத்தைத் திறக்கத் தான் சிபாரிசு செய்வதாகச் சொன்னாள். சூசைதாசன் அண்ணை முதலில் அவளைப் பேசித் துரத்தினார். பிறகு பின்னேரம் வந்து இரண்டு தாளும் எழுதிக் கொடுத்தார்.

மிச்சம் இருப்பது உங்கள் தாள் ஒன்றுதான்.

நீங்கள் என்னைச் சாகும்வரை வெறுக்கலாம். நானும் உங்களை மன்னிக்கவில்லை. அன்று காலை மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் உங்கள் ரோசத்தைப் பிடித்து ஐம்பத்திரண்டு பெண்கள் தொங்குகிறார்கள். அதில் ஒராள் உங்கள் குசினியில் இருக்கிறா.

புதுச் செயலாளரிடம் கொடுங்கள். என்னிடம் தரவேண்டாம்.

யசிந்தா


அந்தோனியார்துறை,
02.05.2025

யசிந்தாவுக்கு,

புதுச் செயலாளரிடம் போனேன். பொடியன் பேனையை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கோ அங்கிள்" என்றான். அவனிடம் வெறும் தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். திரும்பி வந்து எழுதுகிறேன். நீரே கொண்டுபோய்க் கொடும்.

பங்குனி 6ஆம் திகதி, வியாழன், பின்னேரம் மூன்று மணிக்கு வடக்குப் பாருக்கு மேற்கே, ஐந்து பாகத் தண்ணீரில் நண்டு வலை விட்டேன். அன்றைக்கு மன்னாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முதல்தரம் வருகிறார்கள். றெஜினா, "மீன் மணக்காமல் வந்து நில்லுங்கோ" என்று சொல்லியிருந்தா. வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தேன். அவர்கள் போனதும் கடலுக்குப் போகலாம் என்று நினைத்தேன். கதை நீண்டது. சாப்பாடு நடந்தது. நான் போகவில்லை. அதுதான் முதல் பிழை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விடிந்து போனோம். மிதப்பு ஒரு பக்கம் தாழ்ந்து கிடந்தது. சுறா என்று நினைத்து இழுத்தேன். மேலே வந்தது ஓங்கில். உச்சியால் மூச்சு விட்டது. மனுசர் களைத்து விடுகிற மூச்சு மாதிரி இருந்தது. கொலின்ஸ், "அண்ணை, வெட்டுவம்" என்றான். "பொறடா, கழட்டலாம்" என்றேன். வலை புதுசு என்றும் சொன்னேன். அதை மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. வெட்டினால் சங்கத்தில் புது வலை கேட்கவேண்டும். கேட்டால் தாள் எழுதவேண்டும். எழுதினால் அந்த இரவு நான் எங்கே இருந்தேன் என்று எழுதவேண்டும். கூட்டத்தில் மற்றவர்களைப் பேசினவன் நான்.

வலையை ஒவ்வொரு கண்ணாகக் கழட்டினேன். அது புரண்டது. புரளப் புரள மற்றப் பக்கம் இறுகியது. தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தரம் கை வழுக்கியது. திரும்பத் தூக்கினபோது மூச்சு இல்லை. கழட்டினது அரை மணித்தியாலம் என்கிறான் கொலின்ஸ். எனக்குத் தெரியாது. செத்த பிறகுதான் வாலை வெட்டினேன். உயிரோடு வெட்டவில்லை. இதை உமக்கு நான் சொல்லவேண்டும் என்று இருந்தது. வாலை வெட்டியும், தகட்டோடு ஒரு துண்டு வலை கிழிந்து அதன் உடம்போடு போய்விட்டது.

இன்னும் மூன்று ஓங்கில் போட்டைச் சுற்றி நின்றன. கரை தெரியும்வரை பின்னால் வந்தன. படிவத்தில் இதற்கு இடம் இல்லை.

இனி எப்படித் தடுக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். அந்த மூன்று மாதமும் வடக்குப் பாரில் வலை விடவே கூடாது. விட்டுவிட்டு நின்று பார்ப்போம் என்பது நடக்காது. ஆட்களுக்கு வீடு இருக்கிறது, காய்ச்சல் வருகிறது, பெண் பார்க்க வருகிறார்கள். தெற்குப் பக்கம் விடட்டும். நண்டு கொஞ்சம் குறையும், நாங்கள் சாகமாட்டோம். பார்வையாளர் வந்தால் முதலில் என் போட்டில் ஏறட்டும். இப்போது எனக்கு ஆள் இல்லை, வலை இழுக்கவும் உதவுவார்.

கீழே கையொப்பம் வைத்திருக்கிறேன். பலகையில் ஒட்டினாலும் எனக்குச் சரி.

நீர் செய்தது சரி என்று றெஜினா சொல்கிறா. இருக்கலாம். அந்தச் சரியைச் செய்தவரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட என்னால் இன்னும் முடியாது. 17ஆம் திகதி வரவேண்டாம். இதற்குப் பதிலும் எழுதவேண்டாம்.

செ. எமில்ராஜ்